மலையேறும் டிரெய்லருக்கு என்ன கணப்பு?

நெல் ஏற்றும் டிராக்டர் டிரெய்லர் செய்துகொண்டிருந்த பட்டறை எங்களுடையது. சில வருடங்களாகப் படுத்துறங்கும் டிரெய்லரும் செய்து தருகிறேன். காரின் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற பத்தடிக் கூண்டு. மின்சாரம் கிடைக்காத இடத்தில் அதற்குள் குளிரை எப்படிச் சமாளிப்பது என்று டெல்டாப் பக்கத்து ஆட்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

தஞ்சாவூர்: மார்கழியிலும் மின்விசிறி போட்டுத் தூங்குகிற ஊர் இது. ஹீட்டர் எதற்கு, ஐயா?

இங்கே வேண்டாம். ஒரு போர்வை போதும். கல்லணையைத் தாண்டி மலையேறுகிறவர்களுக்குத்தான் இந்தப் பேச்சு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரியில் விடியற்காலைப் புல் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும்.

மன்னார்குடி: வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர்-மணி பேட்டரியை எடுத்துப் போகிறேன். 1,000 வாட் ரூம் ஹீட்டர் இரவு முழுவதும் ஓடுமா, அண்ணா?

தம்பி, முக்கால் மணி நேரம் ஓடினால் பெரிது. 12 வோல்ட்டை 150ஆல் பெருக்கினால் 1,800 வாட்-மணி. ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் போய்விடும். ஆகவே கையில் நிற்பது 900. இன்வெர்ட்டர் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். போதாததற்கு, 90 ஆம்பியர் வேகத்தில் உறிஞ்சினால் ஈய பேட்டரி சொன்ன கணக்கைக்கூடத் தராது. சூடு உண்டாக்குவதற்கென்று பேட்டரியை நம்பாதீர்கள். அதே பேட்டரியில் 50 வாட் மின்போர்வை எட்டு மணி நேரம் ஓடும், 400 வாட்-மணிதான் ஆகும். அறையைச் சூடாக்குவதைவிட ஆளைச் சூடாக்குவது மலிவு.

கும்பகோணம்: இரும்புத் தகட்டில் பத்துக்கு ஆறு, ஆறடி உயரத்தில் டிரெய்லர் தயார். எவ்வளவு பெரிய ஹீட்டர் வாங்கலாம்?

ஹீட்டர் கடைக்குப் போகும் முன் தெர்மாகோல் கடைக்குப் போங்கள். உங்கள் கூண்டின் ஆறு பக்கமும் சேர்த்து 29 சதுர மீட்டர். வெளியே 5 டிகிரி, உள்ளே 20 டிகிரி வேண்டும் என்று வையுங்கள். வெறும் தகடாக விட்டால் ஏறத்தாழ 2,500 வாட் சூடு விடாமல் வெளியே போய்க்கொண்டிருக்கும். ஓர் அங்குல தெர்மாகோலை இடுக்கில்லாமல் ஒட்டி மேலே மெல்லிய பிளைவுட் அடித்தால் அது 500 வாட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஐந்தில் ஒரு பங்கு! இதற்கு ஈடான ஹீட்டர் உலகத்தில் இல்லை.

என் முதல் டிரெய்லரில் நானும் இதை முழுதாகச் செய்யவில்லை. சுவருக்கு ஒட்டினேன், கூரையில் சட்டங்களுக்கு நடுவே மட்டும் வைத்தேன். ஊட்டியில் விடியற்காலை நெற்றியில் சொட்டென்று விழுந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், கூரைச் சட்டத்தில் வரிசையாக இருந்த திருகாணித் தலை ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டுத் தண்ணீர், மாலை கோத்த மாதிரி. மழையில்லை, நாங்கள் மூன்று பேர் விட்ட மூச்சு. தெர்மாகோலை ஒதுக்கிவிட்டு இரும்பு எங்கே நேராக உள்ளே எட்டிப் பார்க்கிறதோ, அந்த வழியாகக் குளிர் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இப்போது சட்டத்தின் மேலும் ஒரு அடுக்கு ஒட்டாமல் பிளைவுட் அடிப்பதில்லை. தரையை மறக்காதீர்கள்; பிளைவுட்டின் மேல் கோரைப்பாய் விரித்தாலே கால் கூசாது.

திருவாரூர்: எங்கள் அரிசி ஆலையில் உமி மலையாகக் கிடக்கிறது. டிரெய்லருக்குள் உமி அடுப்பு வைத்துக் கூரை வழியே குழாய் விட்டால்?

காசில்லாத எரிபொருள் என்பது சரி. ஆனால் ஒரு லிட்டர் டீசல் தரும் சூட்டுக்கு மூன்று கிலோவுக்குக் கிட்ட உமி வேண்டும், அது இரண்டு குடம் அளவு இடத்தை அடைக்கும். எரிந்த பிறகு ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். இவை தொல்லைகள் மட்டுமே. ஆபத்து வேறு: உமி புகைந்து புகைந்து எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, மணமில்லை, தூக்கத்தில் இருப்பவர் எழுந்திருக்க மாட்டார். கும்மட்டி அடுப்பில் போட்ட அடுப்புக்கரியும் அப்படித்தான். புகை தெரியவில்லை என்று உள்ளே எடுத்து வைத்துக்கொண்டு செத்துப்போனவர்கள் பற்றி ஒவ்வொரு குளிர்காலமும் செய்தி வருகிறது. உமி அடுப்பை வெளியே வைத்து வெந்நீர் போடுங்கள். உள்ளே வேண்டவே வேண்டாம்.

பட்டுக்கோட்டை: 5 கிலோ சிலிண்டரில் கேஸ் ஹீட்டர்?

உள்ளே திறந்த தீயாக எரிகிற வகை வேண்டாம். காற்றிலுள்ள ஆக்ஸிஜனைத் தின்னும். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக உள்ளே சேரும். என் திருகாணிக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டரையும் வெளிப்பெட்டியில் வையுங்கள். கசிந்த கேஸ் காற்றைவிடக் கனம். தரையோடு தங்கும், நீங்கள் படுத்திருக்கும் உயரத்தில்.

மயிலாடுதுறை: டீசல் ஹீட்டர் பற்றி நிறையப் பேசுகிறார்கள். உண்மையிலேயே நல்லதா?

மின்சாரம் இல்லாத இடத்துக்கு நான் சிபாரிசு செய்வது அதைத்தான். எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து இழுத்து, புகையை வெளியிலேயே விடுகிறது. உள்ளே வருவது சுத்தமான சூடான காற்று மட்டும். 2 கிலோவாட் ஹீட்டரைக் குறைத்து வைத்தால் எட்டு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் டீசல். பற்றவைக்கும் சில நிமிடங்கள் 10 ஆம்பியர்வரை இழுக்கும். பிறகு விசிறிக்கும் பம்புக்கும் 20 வாட் போதும். ஆகவே சின்ன சோலார் தகடு தாங்கும்.

அணைக்கும்போது வயரைப் பிடுங்காதீர்கள். உள்ளே ஆறும்வரை விசிறி ஓடியாக வேண்டும். புகைக்குழாய் கொதிக்கும், அறுவடை முடிந்த களத்தில் வைக்கோல் மேல் நிறுத்தி ஓட்டிப் பார்க்காதீர்கள். நல்ல வகையாக இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று தலைமாட்டில் இருக்கட்டும்.

நாகப்பட்டினம்: குளிர்காலத்தில் லடாக். இங்கிருந்தே டீசல் நிரப்பிக்கொண்டு போகலாமா?

கூடாது. சாதாரண டீசல் அங்கே கூழாகிவிடும். மைனஸ் 33 டிகிரிவரை உறையாத டீசலை இந்தியன் ஆயில் 2019இல் லடாக்குக்காகவே கொண்டுவந்தது. அதை அங்கே வாங்குங்கள். உயரத்தில் காற்று மெலிவு, ஹீட்டர் கரி பிடிக்கும். உயரத்துக்கேற்ப டீசலைக் குறைக்கும் வசதி உள்ளதாகப் பாருங்கள். கேஸில் உள்ள பியூட்டேன் பூஜ்யம் டிகிரியிலேயே ஆவியாக மறுக்கும்.

நீடாமங்கலம்: டிரெய்லர் இல்லை. வாத்து மேய்க்கிறோம். மழை இரவில் குஞ்சுகள் வயலில் விறைக்கின்றன. பல்பு போட மின்சாரம் கிடையாது, அண்ணா.

உங்கள் கேள்விதான் இவற்றில் அவசரமானது. முதல் வாரக் குஞ்சுக்கு 32 டிகிரி வேண்டும், வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். பத்து லிட்டர் கேனில் 70 டிகிரி வெந்நீர் ஊற்றிச் சாக்கில் சுற்றிக் கூடைக்கு நடுவே வையுங்கள். அது ஆறி 35 டிகிரிக்கு வரும்போது 40 வாட் குண்டு பல்பு பத்து மணி நேரம் எரிந்த சூட்டைக் கொடுத்திருக்கும். கூடையை மேலே மூடுங்கள், ஓரத்தில் காற்றுக்கு இடைவெளி விடுங்கள். குஞ்சுகள் கேனோடு நெருக்கியடித்தால் சூடு போதவில்லை, ஓரத்துக்கு ஓடினால் அதிகம்.

திருத்துறைப்பூண்டி: பிள்ளைகளோடு இரண்டே இரவு ஊட்டி. இவ்வளவு செலவு தேவையா?

தேவையில்லை, சகோதரி. ஆளுக்கு ஒரு ரப்பர் வெந்நீர்ப் பை, கம்பளி, காதை மூடும் குல்லா. ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொஞ்சம் ஆறவிட்டு ஊற்றி, துணியில் சுற்றிப் பாதத்தருகே வையுங்கள். ஜன்னலை இரண்டு விரல் திறந்தே வையுங்கள். மூடியை இறுக்கிய பிறகு பையைத் தலைகீழாகப் பிடித்து ஒருமுறை அழுத்திப் பாருங்கள். நான் பார்க்காமல் படுத்த இரவில் மெத்தை நனைந்து, காரின் முன் இருக்கையில் உட்கார்ந்தே விடிந்தது.