அந்த மங்கல் படத்தின் குறையல்ல

வணக்கம். நீங்கள் பலமுறை எழுதியதால் ‘கெட் கார்ட்டர்’ என்ற பழைய பிரிட்டிஷ் படத்தை இணையத்தில் கிடைத்த ஒரு பிரதியில் பார்த்தேன். லண்டனில் அடியாளாக இருக்கும் கார்ட்டர், கூடப்பிறந்தவனின் சாவுக்குக் காரணமானவர்களைத் தேடி ஊருக்குப் போய்ப் பழிவாங்குகிறான். நம் படங்களில் பார்க்காததா? படம் முழுக்க ஒரே மங்கல் வேறு. இதற்குப் போய் 4கே டிஸ்க் வாங்க வேண்டுமா?
ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

கதை நீங்கள் சொன்ன அளவுதான். ஆனால் இந்தப் படத்தை நான் கதைக்காகப் பார்ப்பதில்லை, ஊருக்காகப் பார்க்கிறேன். டெட் லூயிஸின் நாவலில் வரும் ஊரை விட்டுவிட்டு, இயக்குநர் மைக் ஹாட்ஜஸ் கதையை வட இங்கிலாந்தின் நியூகாசிலுக்குக் கொண்டுபோனார். இளவயதில் கட்டாயக் கடற்படைச் சேவையில் இருந்தபோது இங்கிலாந்தின் மீன்பிடித் துறைமுகங்களில் வறுமையை நேரில் கண்டவர் அவர். ஒளிப்பதிவாளர் வுல்ஃப்காங் சுஷிட்ஸ்கி வியன்னாவில் பிறந்தவர், ஆவணப்படங்களில் ஊறியவர். மதுக்கடையில் உட்கார்ந்திருக்கும் கிழவர்களின் முகத்தையும் ஒட்டிக்கட்டிய வீடுகளின் வரிசையையும் அவர் அழகுபடுத்தவே இல்லை. நீங்கள் மங்கல் என்று சொல்வதில் பாதி அந்த ஊரின் வானம். மீதிப் பாதி, நீங்கள் பார்த்த பிரதியின் கோளாறு.

கடைசிக் கடற்கரையை நினைத்துப் பாருங்கள். பிளாக்ஹால் சுரங்கத்தின் நிலக்கரிக் கழிவைக் கம்பிவடத்தில் தொங்கும் தொட்டிகள் வரிசையாகச் சுமந்துபோய்க் கடலில் கொட்டுகின்றன. அது செட் அல்ல, அன்றாடம் அங்கே நடந்ததுதான். கரையே கறுத்துக் கிடக்கும். அந்தக் கறுப்புக்குள் ஈரம் வேறு, கரித்தூள் வேறு, கார்ட்டரின் கோட்டு வேறு. நெருக்கிச் சுருக்கிய கோப்பில் எல்லாம் ஒரே கறுப்பாக அப்பிவிடும். பழைய ஃபிலிமின் நுண்மணிகளைத்தான் சுருக்கும்போது முதலில் வழித்தெடுக்கிறார்கள், அதோடு முகத்தின் தோலும் போய்விடுகிறது. படத்தில் கார்ட்டர் அழும் காட்சியில், ப்ரொஜெக்டர் ஓடும் அறையில், கார்ட்டராக நடித்த மைக்கேல் கெய்ன் எதையும் பெரிதாகச் செய்வதில்லை. கண்ணில் நீர் தேங்குகிறது, அவ்வளவுதான். அது தெரியாவிட்டால் அந்தக் காட்சியே இல்லை.

தொடக்க ரயில் காட்சியையும் சொல்ல வேண்டும். ராய் பட்டின் இசை, பியானோ போன்ற பழைய வாத்தியமான ஹார்ப்சிகார்டோடு தபலா. அதே பெட்டியில் இன்னொருவன் உட்கார்ந்திருக்கிறான், விரலில் ‘ஜே’ என்ற எழுத்து பொறித்த மோதிரம். கடைசியில் கார்ட்டரைச் சுடுகிறவன் அவன்தான். கூடவே பயணம் செய்திருக்கிறான்! நான் முதல் இரண்டு முறை பார்த்தபோது இதைக் கவனிக்கவே இல்லை.

2022இல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் வெளியிட்ட 4கே பதிப்பு அசல் கேமரா நெகட்டிவிலிருந்து எடுத்தது, ஹாட்ஜஸ் பார்த்து ஒப்புக்கொண்டது. அந்த டிசம்பரிலேயே அவர் காலமானார். இன்றைய ரசனைக்காகப் பளபளப்பாக்காமல், சாம்பலைச் சாம்பலாகவே விட்டிருக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய நன்றி உண்டு. படத்தில் வரும், நியூகாசிலை ஒட்டிய கேட்ஸ்ஹெட் ஊரின் அடுக்குமாடி கார் நிறுத்தத்தை 2010இல் இடித்துவிட்டார்கள். இனி அந்த கான்கிரீட்டைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கேதான்.

சரி, வாங்குவதற்கு முன் ஒன்று. சாதாரண ப்ளூரே டிஸ்க்குக்கு மண்டலக் கட்டுப்பாடு உண்டு, ஒரு மண்டலத்தின் டிஸ்க் இன்னொன்றின் பிளேயரில் ஓடாது. பிரிட்டன் ‘பி’, இந்தியா ‘சி’. அங்கிருந்து வரவழைக்கும் ப்ளூரே உங்கள் பிளேயரில் ஓடாமல் போகலாம். 4கே யுஎச்டி டிஸ்க்குக்கு அந்தத் தடை இல்லை, ஆனால் அதற்கென்றே உள்ள பிளேயர் வேண்டும். டிஸ்க் போடும் வசதியுள்ள பிளேஸ்டேஷன் 5 வீட்டில் இருந்தால் அதுவே போதும். பார்க்கும்போது, அசைவைச் செயற்கையாக வழவழப்பாக்கும் டிவியின் ‘மோஷன் ஸ்மூதிங்’கை அணைத்துவிடுங்கள், அறை விளக்கையும்.