படிக்கட்டில் தொங்கும் மகனுக்குப் பள்ளியில் யார் இருக்கிறார்கள்?

கேள்வி: என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். பத்தாவது வரை நல்ல பிள்ளை என்று பெயர் எடுத்தவன். புதுப் பள்ளியில் சேர்ந்த பிறகு பஸ் படிக்கட்டில் தொங்குகிறான். போன வாரம் நண்பனின் பைக்கை ஓட்டி விழுந்து முழங்கையில் ஏழு தையல். திட்டினால் காதிலேயே வாங்குவதில்லை. என்ன செய்வது?

பதில்: பைக் விஷயத்தில் தயவு தாட்சண்யம் வேண்டாம். கியர் பைக் ஓட்ட 18 வயது ஆக வேண்டும். 2019 சட்டத் திருத்தத்தின்படி, சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். நண்பனின் வீட்டாரிடமும் சொல்லிவிடுங்கள்.

ஆனால் என் கண்ணில் பட்டது 'புதுப் பள்ளியில் சேர்ந்த பிறகு' என்ற வரிதான். பழைய பள்ளியில் வாட்ச்மேனுக்குக்கூட அவன் பெயர் தெரிந்திருக்கும். இங்கே அறுபது பேரில் ஒருவன். அவனுக்கு உடனே இடம் கொடுத்தது அந்தப் படிக்கட்டுக் கூட்டம்தான்; தொங்குவதுதான் அங்கே நுழைவுச்சீட்டு.

அமெரிக்காவில் சுமார் 12,000 மாணவர்களை ஆராய்ந்து 1997-ல் வெளியான ஆய்வில், பள்ளியோடு ஒட்டுதல் உள்ளவர்களிடம் வன்முறை, போதை, தற்கொலை எண்ணம் எல்லாமே குறைவு. சாலையில் துணிந்து ஆபத்தைத் தேடுவதும் அடிபடுவதும் ஒட்டுதல் குறைந்தவர்களிடம் அதிகம் என்று ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. உங்கள் மகன் விழுந்ததற்கு அது ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நம்மால் மாற்றக்கூடியது அது.

பீகாரில் நடந்த ஒரு பரிசோதனையை (2018-ல் வெளியானது) அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மாணவர் நலனுக்கென்றே தனி ஆள் அமர்த்திய பள்ளிகளில் சூழல் மேம்பட்டது, அடிதடி குறைந்தது. அதே வேலையை ஆசிரியர் தலையில் கூடுதலாக வைத்த பள்ளிகளில் மாற்றம் தெரியவில்லை. ஆக, அவனுக்காக நேரம் ஒதுக்கக்கூடிய ஒருவர் வேண்டும்.

"ஸ்கூலில் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது யார்?" என்று அவனிடமே கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் பி.டி. மாஸ்டரையோ, என்.எஸ்.எஸ். பொறுப்பாசிரியரையோ போய்ப் பாருங்கள். தையல் கதையைச் சொல்லி ஆரம்பிக்காதீர்கள். புகாரோடு அறிமுகமானால் அந்தப் பெயரே நிலைத்துவிடும். அவன் எதில் கெட்டிக்காரன் என்று சொல்லி, ஒரு பொறுப்புக் கேளுங்கள். கபடிப் பயிற்சிக்கு நின்றால் நாலேகால் பஸ்ஸைத் தவறவிடுவான். ஐந்தரை பஸ்ஸில் உட்கார இடம் இருக்கும்.