ஒரே கல்லுக்கு மூன்று அடர்த்தி வருவது ஏன்?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள், கருங்கல் ஜல்லி ஒன்றின் அடர்த்தியை வீட்டில் அளந்து பார்த்தாள். கல்லின் நிறை 13 கிராம். 100 மி.லி. அளவுஜாடியில் போட்டு மூன்று முறை பார்த்ததில் 2.2, 2.6, 3.3 என்று மூன்று விடை வருகிறது. எங்கே தவறு? மிதக்கும் மெழுகை எப்படி அளப்பது?

பதில்: கணக்கில் தவறே இல்லை. எடுத்துக்கொண்ட கல்தான் ரொம்பச் சிறியது. அந்த ஜாடியில் ஒரு கோடு என்பது 1 மி.லி. கல்லின் பருமனோ சுமார் 5 மி.லி. கல்லைப் போடும் முன்னும் பின்னும் பார்க்கும்போது அரை அரைக் கோடு தவறினாலே பருமன் 4 ஆகவோ 6 ஆகவோ மாறிவிடும். 13-ஐ 4, 5, 6 ஆல் வகுத்துப் பாருங்கள்; உங்கள் மகளுக்கு வந்த மூன்று விடையும் அப்படியே கிடைக்கும். அடர்த்திப் பரிசோதனைகளில் பெரும்பாலும் காலை வாருவது பருமன்தான், நிறை அல்ல.

அதே கல்லில் உடைத்த ஆறு ஜல்லிகளைச் சேர்த்து எடுங்கள். நிறை 78 கிராம், பருமன் 30 மி.லி. அளவுக்கு வரும். இப்போது 1 மி.லி. தவறினாலும் விடை 2.5-க்கும் 2.7-க்கும் இடையில் நின்றுவிடும். ஜாடியைச் சாய்த்து, கற்களை ஓரமாக வழுக்கி இறக்குங்கள். கல்லின் சொரசொரப்பில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் பருமன் கூடுதலாகக் காட்டும். ஜாடியை மெல்லத் தட்டிவிடுங்கள். நீர்மட்டம் ஓரத்தில் ஏறி நடுவில் குழிந்திருக்கும். கண்ணை அந்த மட்டத்துக்கே தாழ்த்தி, குழிவின் அடிப்பகுதியைப் படிக்க வேண்டும். மேலிருந்து எட்டிப் பார்த்தால் இடமாறு தோற்றப் பிழை வரும்.

இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. பள்ளிகளில் இதை அதிகம் செய்துகாட்டாதது எனக்கு வருத்தம்தான். டிஜிட்டல் தராசில் பாதி நீருள்ள டம்ளரை வைத்து, பூஜ்யமாக்குங்கள். மெல்லிய நூலில் கட்டிய கல்லை, அடியையோ பக்கத்தையோ தொடாமல், முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் கல்லின் பருமன், கன சென்டிமீட்டரில்! நீர் கல்லை எவ்வளவு விசையோடு மேலே தள்ளுகிறதோ, கல்லும் அதே விசையோடு நீரைக் கீழே தள்ளுகிறது. அந்த விசை இடம்பெயர்ந்த நீரின் எடைக்குச் சமம். 1 கிராம் நீரின் பருமன் 1 கன செ.மீ. 30 டிகிரி வெப்பத்தில் நீரின் அடர்த்தி 0.996 ஆகக் குறையும், ஆனால் பள்ளிக் கணக்குக்கு அது பொருட்டில்லை. நகைக்கடைத் தராசு போல 0.01 கிராம் வரை காட்டும் தராசு கிடைத்தால், அந்த ஒற்றை ஜல்லியே போதும்.

மெழுகுக்கும் இதே முறைதான். நூலுக்குப் பதில் ஊசி நுனியால் மெழுகை நீருக்குள் அமுக்கிப் பிடியுங்கள். விரல் நனையக் கூடாது. விரலின் பருமனும் கணக்கில் சேர்ந்துவிடும். விடை 0.9-ஐ ஒட்டி வரும்.

கற்கண்டு, கல் உப்பு என்றால் நீர் ஆகாது, கரைந்துவிடும். தேங்காய் எண்ணெயில் செய்து, தராசு காட்டும் எண்ணை 0.92 ஆல் வகுத்தால் பருமன் கிடைக்கும். செங்கல்லை மட்டும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அது நீரைக் குடிப்பதால் பருமன் குறைந்துகொண்டே போகும்.

அப்புறம், ரெக்கார்டு நோட்டில் 2.6 கிராம்/கன செ.மீ. என்பதை 2600 கி.கி./கன மீட்டர் என்றும் எழுதச் சொல்லுங்கள். கருங்கல்லுக்குப் பொதுவாக 2600 முதல் 2800 வரை வரும். 2.6153 என்று கால்குலேட்டர் காட்டும் எல்லா இலக்கத்தையும் எழுத வேண்டாம். அவ்வளவு துல்லியம் அந்த ஜாடிக்குக் கிடையாது.