ரெண்டு செங்கொடி, ஒத்த ஓட்டு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, எங்க வீட்ல தாத்தா காலத்துலருந்து கம்யூனிஸ்ட் செங்கொடிதான். அப்பாவுக்கு கதிர் அரிவாள் (சிபிஐ), எனக்கு சுத்தியல் அரிவாள் நட்சத்திரம் (சிபிஎம்), ஆனா ஓட்டுப் போடறப்ப சண்டை வந்ததில்ல, ஏன்னா கூட்டணியில யாராவது ஒருத்தர்தான் நிப்பாங்க. இப்ப கார்ப்பரேஷன் எலெக்‌ஷன் வந்தா எங்க வார்டுல பங்கீடு ஒத்துவராம ரெண்டு பேரும் தனித்தனியா நிப்பாங்கன்னு டீக்கடையில பேசிக்கிறாங்க. ஓட்டு பிரிஞ்சு ரெண்டு பேருக்கும் ஆகாத ஆள் உள்ள வந்துட்டா என்ன பண்றது? ஜெயிக்கிறவருக்குப் போடவா, மனசுக்குப் பிடிச்சவருக்குப் போடவா? (வாசகி, செல்லூர்)

பதில்: தங்கச்சி, முன்னாடி கேட்டிருந்தா மனசாட்சிப்படி போடும்மான்னு ஒரு வரியில முடிச்சிருப்பேன். ஒரு தடவை ஒரு வார்டுக்கு கவுண்டிங் ஏஜென்டா போய் உக்காந்ததுக்கப்புறம் அப்படிச் சொல்ல வாய் வரமாட்டேங்குது. கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நாங்க, அந்தப் பக்கம் டேபிள்ல மெஷின், ஆபீசர் சீல உடைச்சு எங்களுக்குக் காட்டிட்டு ரிசல்ட் பட்டன அமுக்குவாரு, ஒவ்வொரு வேட்பாளர் நம்பரா வரும், நாங்க பேப்பர்ல குறிச்சுக்கிட்டே வருவோம். எனக்குப் பக்கத்துல இன்னொரு செங்கொடிக்காரர், வயசானவர், பேனா நடுங்குது. கடைசி பூத் முடிஞ்சு கூட்டிப் பாத்தா எங்க ஆளு தோத்தது இருபது ஓட்டுக்குள்ள. அந்தப் பெரியவர் கையில இருந்த பேப்பர்ல அவங்க வேட்பாளருக்கு அதவிடப் பல மடங்கு ஓட்டு. ரெண்டு பேரும் ஒருத்தர் பேப்பர ஒருத்தர் பாத்தோம், ஒண்ணும் பேசல, வெளிய வந்து ஒரே கடையில டீ குடிச்சோம். அஞ்சு வருஷம் அந்த வார்டுல யாரு இருந்தாங்க, சாக்கடைக்கும் தண்ணிக்கும் ஜனம் எப்படி அலைஞ்சாங்கன்னு எனக்குத் தெரியும், அதனாலதான் இம்புட்டு நீளமா எழுதறேன்.

உன் வீட்டுச் சண்டை புதுசு இல்ல. 1964-ல கம்யூனிஸ்ட் கட்சி ரெண்டாச்சு, அடுத்து 1967-லயே சிபிஎம் திமுக அணியில, சிபிஐ தனியா. அந்த வருஷம் மதுரை எம்பி பி.ராமமூர்த்தி, மதுரை மேற்கு எம்எல்ஏ என்.சங்கரய்யா. 1977-ல பாத்தா இன்னும் விசேஷம், சிபிஎம் எம்ஜிஆரோட, சிபிஐ காங்கிரசோட, சங்கரய்யா மதுரை கிழக்குல ஜெயிச்சாரு. அன்னைக்கு ஆலைத் தொழிலாளி வீட்லயும் நெசவுத்தறி வீட்லயும் உங்கப்பாவும் நீயும் மாதிரியே தலைய பிச்சுக்கிட்டு நின்னிருப்பாங்க.

ஓட்டு பிரிஞ்சா என்ன ஆகும்னு நம்ம ஊரே ஒரு பாடம் பாத்துச்சு. 1989 ஜனவரியில அதிமுக ரெண்டா ஒடைஞ்சு ஜெயலலிதா அணி சேவல், ஜானகி அணி இரட்டைப் புறா, திமுக ஆட்சிக்கு வந்துச்சு. மதுரை கிழக்குலயும் மருங்காபுரியிலயும் மட்டும் தேர்தல் தள்ளிப்போச்சு, அதுக்குள்ள ரெண்டு அணியும் சேந்துட்டாங்க, ரெட்டை இலையும் திரும்பக் கெடைச்சுது, மார்ச்ல நடந்தப்ப ரெண்டு தொகுதியும் அவங்களுக்கே. ரெண்டே மாசம், அதே ஜனம், அதே ஓட்டு. நம்ம பக்கத்துக் கதைன்னா 2016 காட்டுமன்னார்கோவில். மக்கள் நலக் கூட்டணின்னு சிபிஎம், சிபிஐ, விசிக, மதிமுக எல்லாம் தனியா நின்ன வருஷம், ஒரு சீட் கெடைக்கல. அங்க விசிக தலைவர் திருமாவளவன் தோத்தது 87 ஓட்டுல, மூணாவதா வந்த காங்கிரஸ் வாங்குனது முப்பத்தேழாயிரத்துக்கு மேல. 2021-ல திமுக, காங்கிரசோட கூட்டணியா நின்னப்ப அதே தொகுதி விசிகவுக்கு வந்துச்சு.

ஆனா இதையே காட்டி "எங்களுக்குப் போடாட்டி ஓட்டு வேஸ்ட்"னு யாராவது வாசல்ல வந்து நின்னா உடனே நம்பிடாத. நம்மாளுங்க பண்ற தப்பே இதுதான், மாநிலக் கணக்க டிவியில பாத்துட்டு தன் வார்டுக்கு முடிவெடுக்குறது. 2024-ல மதுரை எம்பி தேர்தல்ல சு.வெங்கடேசன் ஜெயிச்ச வித்தியாசம் 2,09,409. அம்புட்டு வித்தியாசம் இருக்கிற எடத்துல ஒருத்தர் தனக்குப் புடிச்ச சின்னக் கட்சிக்குப் போட்டா அதனால எந்த ஆபத்தும் வந்திருக்காது, அங்க யாரையும் பயமுறுத்தி ஓட்டு வாங்க வேண்டியதே இல்ல. உன் வார்டுல போன தடவை எம்புட்டு வித்தியாசம்? மொதல்ல அதத் தேடு, மாநிலத் தேர்தல் ஆணையம் வார்டு வாரியா போட்டிருக்கு. எம்எல்ஏ, எம்பி தேர்தல்னா படிவம் 20-ன்னு ஒண்ணு இருக்கு, உன் பூத்துல யாருக்கு எத்தனை விழுந்துச்சுன்னு வரிசையா இருக்கும், அதையும் எடுத்துப் பாரு. ஆகாதவர் வாங்குனத ஒரு பக்கம் எழுது, ரெண்டு செங்கொடிக்கும் விழக்கூடியத சேத்து இன்னொரு பக்கம் எழுது. சேத்தாலும் எட்டாதுன்னா மனசுக்குப் பிடிச்சவருக்கே போடு. சேந்தா எட்டும், பிரிஞ்சா எட்டாதுன்னா அப்பதான் யார் முன்னாடி நிக்கிறாங்கன்னு பாக்கணும்.

அத எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு கேப்ப. கூட்டத்துல எம்புட்டு பேர் வந்தாங்கன்னு பாக்காத, கூட்டத்துக்கு அடுத்த வார்டுலருந்தும் ஆள் வரும். வார்டுல இருக்கிற எல்லா பூத்துக்கும் காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் உக்கார ஏஜென்ட் போட யாருகிட்ட ஆள் இருக்குன்னு பாரு. தண்ணி வரலைன்னா ஜனம் யாரு வீட்டுக் கதவத் தட்டுதுன்னு பாரு. இந்த ரெண்டும் எனக்குத் தெரிஞ்சு பொய் சொன்னதில்ல.

இன்னொண்ணு, இதுதான் எனக்கு முக்கியமாப் படுது. இந்தப் பாரத்த முழுசா உன் தலையில ஏத்திக்காத, ஓட்டு சிதறாம பாக்க வேண்டியது கட்சிக்காரங்க வேல. மனுத் தாக்கல் ஆரம்பிச்சவுடனே அப்பாவையும் கூட்டிக்கிட்டு ரெண்டு கட்சி ஆபீசுக்கும் போ, எங்க வீட்ல இத்தனை ஓட்டு, தெருவுல இத்தனை, ஒருத்தர் வாபஸ் வாங்குங்க தோழர், இன்னொரு வார்டுல அவங்க உங்களுக்கு விட்டுக்கொடுக்கட்டும்னு நேரா கேளு. வாபஸ் கடைசி நாள் தாண்டிட்டா பேரும் சின்னமும் மெஷின்ல ஏறிடும், அதுக்கப்புறம் மனசு மாறி ஒதுங்குறேன்னு நோட்டீஸ் அடிச்சாலும் பேரு அங்கதான் இருக்கும், பழக்கத்துல விரல் அங்கதான் போகும். அதனால பேசறதெல்லாம் அதுக்கு முன்னாடி.

கேள்வி: நான் தேனிக்காரன், வேல கேரளாவுல. இங்க காங்கிரசும் கம்யூனிஸ்ட்டும் ஒரே மேடையில, அங்க ஒருத்தர ஒருத்தர் கிழிக்கிறாங்க. எத நம்பி ஓட்டுப் போட? (வாசகர், போடிநாயக்கனூர்)

பதில்: ஒரே 2024-ல மதுரையில சிபிஎம் வேட்பாளருக்காக காங்கிரஸ்காரங்க வீடு வீடா போனாங்க, வயநாட்டுல ராகுல் காந்திய எதிர்த்து சிபிஐ ஆனி ராஜாவ நிறுத்துச்சு. இத துரோகம்னு நான் நெனைக்கல தம்பி. கேரளாவுல ஆட்சிக்கான போட்டியே அந்த ரெண்டு அணிக்கும்தான், அங்க அவங்க எதிர் எதிரா நின்னாதான் ஜனத்துக்கு மாத்திப் போட ஒரு எடம் இருக்கும். உன் பேரு எந்த ஊர் லிஸ்ட்ல இருக்கோ அந்த ஊர் கணக்க மட்டும் பாரு, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காத.

கேள்வி: எங்க ஊராட்சித் தேர்தல்ல தலைவருக்கு நிக்கிறவரு நல்லவரு, ஆனா எனக்குப் பிடிக்காத கட்சி. போடலாமா? (வாசகர், மேலூர் பக்கம்)

பதில்: தாராளமா போடுங்கய்யா. கிராமத்துக்காரங்களுக்கு மட்டும் இருக்கிற வசதி இது, ஒரே நாள்ல நாலு சீட்டு கையில கொடுப்பாங்க. வார்டு மெம்பர் சீட்டுலயும், ரோஸ் கலர் தலைவர் சீட்டுலயும் கட்சிச் சின்னமே கெடையாது, அங்க ஆளப் பாத்துக் குத்துங்க. பச்சை கலர் ஒன்றியக் கவுன்சிலருக்கும் மஞ்சள் கலர் மாவட்டக் கவுன்சிலருக்கும்தான் கட்சி நிக்கிது, உங்க கொள்கைய அங்க காட்டுங்க. நாலையும் ஒரே பக்கம் போட்டே ஆகணும்னு எவனும் உங்களக் கட்டாயப்படுத்த முடியாது. மடிக்கிறப்ப மை வேற சின்னத்துல ஒட்டாம காய விட்டு மடிங்க, செல்லாத ஓட்டா போறது எவ்ளோ வேதனைன்னு எண்ணுறவங்களுக்குத் தெரியும்.

கேள்வி: ரெண்டு இடதுசாரியும் சண்டை போட்டா கடுப்புல நோட்டாவுக்குப் போட்ரலாம்னு இருக்கேன். (மாணவி, திருமங்கலம்)

பதில்: எம்எல்ஏ, எம்பி தேர்தல்ல 2013-லருந்து அந்தப் பட்டன் இருக்கும்மா, ஆனா அதுல எத்தனை விழுந்தாலும் வேட்பாளர்கள்ல யாரு அதிகமா வாங்குனாங்களோ அவங்கதான் ஜெயிப்பாங்க. உன் கடுப்பு அவங்களுக்குப் புரியணும்னா ரெண்டுல சின்ன கட்சிக்கே போட்டுப் பாரு. வாங்குற ஓட்டுச் சதவீதத்தையும் ஜெயிக்கிற சீட்டையும் வெச்சுதான் கட்சிக்கு அங்கீகாரம், நிரந்தரச் சின்னம் எல்லாம், ஆறுல ஒரு பங்குக்கு மேல வந்தா டெபாசிட்டும் திரும்பும். அடுத்த தடவை பங்கீடு பேச உக்காரும்போது பெரிய கட்சி எடுத்து விரிக்கிறதும் அந்த நம்பர்தான்.