கூடைப்பந்து கேள்வி–பதில்: அமெரிக்கக் கல்லூரி அணிகள்

உயரமும் வேகமும் குறைந்த கல்லூரி அணி பெரிய அணியைச் சாய்ப்பது வெறும் அதிர்ஷ்டமா? (வாசகர், திருநெல்வேலி)

அதிர்ஷ்டம் கொஞ்சம் உண்டு. ஆனால் அதை நம்பி எந்தக் கோச்சும் திட்டம் போடுவதில்லை. 1996 மார்ச்சில் இண்டியானாபொலிசில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமும் லாஸ் ஏஞ்சலிஸின் யூசிஎல்ஏ பல்கலைக்கழகமும் மோதின. யூசிஎல்ஏ தேசியக் கல்லூரிப் போட்டியின் நடப்புச் சாம்பியன். பிரின்ஸ்டன் ஆடும் ஐவி லீக் என்ற பல்கலைக்கழகக் குழுவிலோ விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. பிரின்ஸ்டன் 43–41 என்று வென்றது.

அந்த ஸ்கோரிலேயே பாதி விஷயம் இருக்கிறது. பந்து கைக்கு வந்ததும் ஷாட் எடுக்கத் தரும் நேரம்தான் ஷாட் கிளாக்; அப்போது அது 35 விநாடி (இப்போது 30). பிரின்ஸ்டன் கோச் பீட் கேரிலின் பையன்கள் அவசரப்படாமல், கிளாக்கை ஓடவிட்டு ஷாட் எடுப்பார்கள். மொத்த வாய்ப்புகள் குறையக் குறைய, பலசாலி தன் பலத்தைக் காட்ட நேரம் போதாது.

மீதிப் பாதி பேக்டோர் கட், அதாவது தடுப்பவருக்குப் பின்னால் கூடையை நோக்கி வெட்டி ஓடுவது. சென்டர், வழக்கம்போல் கூடைக்கடியில் நிற்காமல், ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகத் தரப்படும் தடையில்லா ஷாட்) கோட்டுக்கு மேலே வந்து பந்தை வாங்குவார். மற்ற நால்வரும் மூன்று புள்ளிக் கோட்டை ஒட்டி வெளியே நிற்பார்கள். கூடைக்கடி காலி. பாஸைத் தட்ட எதிராளி ஓரடி முன்னே வந்தால், அவர் முதுகுக்குப் பின்னால் வெட்டி ஓடி, கூடைக்குப் பக்கத்திலிருந்தே போடும் லே-அப். அவர் பின்வாங்கினால் வெளியிலிருந்தே மூன்று புள்ளி ஷாட். அன்று 34–41 என்று பின்தங்கிய பிரின்ஸ்டன், அதன்பின் யூசிஎல்ஏவுக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை. சென்டர் ஸ்டீவ் குட்ரிச் தரையில் தட்டித் தந்த பவுன்ஸ் பாஸில் கேப் லுல்லிஸ் போட்ட வெற்றிக் கூடையும் இதே கட்தான்.

இதைக் காப்பியடிக்கும் அணிகள் பெரும்பாலும் சென்டரிடம்தான் கோட்டை விடுகின்றன. உயரமான பையன் என்பதற்காக, பாஸ் கொடுக்கத் தெரியாதவரை அங்கே நிறுத்துகிறார்கள். அடுத்த தவறு, வெட்டத் தொடங்கியவர் பாதியில் மனம் மாறி நிற்பது. பந்து அவர் இல்லாத இடத்துக்குப் போய்க் கோட்டைத் தாண்டிவிடும். தூரத்திலிருந்து போடக்கூடியவர் இருவராவது இல்லையென்றால் இந்த ஆட்டத்தைத் தொடவே வேண்டாம். எதிராளி பின்வாங்கி நின்றுகொண்டு சும்மா வேடிக்கை பார்ப்பார்.

மூன்று புள்ளி முன்னிலை, சில விநாடிகளே பாக்கி. வேண்டுமென்றே ஃபவுல் செய்யலாமா? (வாசகி, கோவை)

செய்யலாம் என்பதே என் கட்சி. இரண்டு ஃப்ரீ த்ரோவும் விழுந்தால்கூட ஒரு புள்ளி முன்னிலை மிச்சம். ஆனால் பத்து விநாடிக்கு மேல் இருந்தால் பொறுங்கள். அது ஃப்ரீ த்ரோ பண்டமாற்றாகிவிடும். ஐந்தாறு விநாடிக்குள், பந்து தரையில் தட்டப்படும்போதோ, ஆட்டக்காரர் கூடைக்கு முதுகு காட்டும்போதோ தொடுங்கள். பந்தை இரு கையில் தூக்கிவிட்டால் தாமதம். மூன்று புள்ளி ஷாட் எடுக்கும்போது தொட்டதாகி, மூன்று த்ரோ தாரை வார்க்க நேரிடும். கை பந்தை நோக்கிப் போகட்டும். ஜெர்சியைப் பிடித்து இழுத்தால் இரண்டு த்ரோவோடு பந்தும் அவர்களுக்கே போகலாம். இரண்டாவது த்ரோவை, எகிறும் பந்தைப் பிடித்து மீண்டும் போடுவதற்காக, அவர்கள் வேண்டுமென்றே தவறவிடுவார்கள். த்ரோவின்போது ஆட்டக்காரர்கள் நிற்கும் வரிசையில் கூடைக்கு நெருக்கமான இரு இடங்களும் உங்களுடையவை. அங்கிருந்து பந்தைப் பார்ப்பதற்கு முன் பக்கத்து ஆளை முதுகால் தடுக்க வேண்டும்.

அரைகுறையாகத் தொட்டால் என்னவாகும் என்பதற்கு 2008 தேசியக் கல்லூரி இறுதி ஆட்டம் இருக்கிறது. மூன்று புள்ளி முன்னிலையில் மெம்ஃபிஸ் ஃபவுல் செய்யத்தான் முயன்றது, விசில் ஊதப்படவில்லை. கான்சஸின் மரியோ சால்மர்ஸ் 2.1 விநாடி மிச்சமிருக்கையில் மூன்று புள்ளி போட்டுச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் கான்சஸ் 75–68. அதற்குச் சற்று முன் ஃப்ரீ த்ரோக்களை வரிசையாக வீணாக்கியதும் மெம்ஃபிஸ்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தின் 2–3 ஜோனை உடைப்பது எப்படி? (வாசகர், நாமக்கல்)

ஆளைத் தடுக்காமல் இடத்தைக் காப்பதுதான் ஜோன்; 2–3 என்றால் இருவர் முன்னே, மூவர் கூடைப் பக்கம். ஜிம் பேஹைம் 1976 முதல் 2023 வரை அங்கே கோச்சாக இருந்தார். 2003-இல் கார்மெலோ ஆண்டனியை வைத்துக்கொண்டு பட்டமும் வென்றார். அவருடைய ஜோனுக்கு நீண்ட கைகள்தான் மூலதனம். உங்கள் எதிரணிக்கு அப்படிக் கைகள் இருக்காது, தைரியமாக இருங்கள். வெளியே சுற்றிச் சுற்றிப் பாஸ் போடுவது வீண். பந்தை ஃப்ரீ த்ரோ கோட்டு நடுவில் ஒருவருக்குக் கொடுங்கள். நடுக்காவலர் மேலே வந்தால் கூடையோரம் திறக்கும், வராவிட்டால் பந்தை வாங்கியவரே போடலாம். ஷாட் தவறினாலும் எகிறும் பந்தைப் பிடிக்க (ரீபவுண்டு) இருவரை அனுப்புங்கள். ஜோனில் இவரை இவர் தடுக்க வேண்டும் என்ற கணக்கு இல்லாததால் அங்கே எப்போதும் இடைவெளி கிடைக்கும்.

கல்லூரி ஆட்டத்தில் புள்ளி குவித்தவர்களில் யார் பெரியவர்: மகளிரில் கெய்ட்லின் கிளார்க்கா, ஆடவரில் பீட் மாராவிச்சா? (வாசகர், சேலம்)

மொத்தப் புள்ளி கிளார்க்குக்கு: 139 ஆட்டத்தில் 3,951. சராசரி மாராவிச்சுக்கு: 83 ஆட்டத்தில் 3,667, அதாவது ஆட்டத்துக்கு 44.2. அவர் காலத்தில் முதலாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆட முடியாது. மூன்று புள்ளிக் கோடும் கிடையாது. கிளார்க் அந்தக் கோட்டுக்கு வெளியிலிருந்து மட்டும் 548 முறை போட்டிருக்கிறார். புள்ளி சேர்ப்பதில் மாராவிச், பாஸில் கிளார்க் என்பது என் தீர்ப்பு. சேலத்திலிருந்து கண்டனக் கடிதம் வரும், தெரியும்.

ஜான் வுடன் சாக்ஸ் போடக் கற்றுக்கொடுத்தது உண்மையா? (வாசகி, தஞ்சாவூர்)

உண்மை. யூசிஎல்ஏவுக்குப் பத்துப் பட்டம் வாங்கித் தந்த இந்தக் கோச், பருவத்தின் முதல் பயிற்சி நாளில் அதைத்தான் எடுப்பார். குதிகாலிலும் சுண்டுவிரல் பக்கத்திலும் சுருக்கம் இல்லாமல் சாக்ஸை நீவ வேண்டும். ஷூ லேஸைக் கீழ்த்துளையிலிருந்து ஒவ்வொன்றாக இறுக்கி, இரட்டை முடிச்சுப் போட வேண்டும். சுருக்கம் இருந்தால் கொப்புளம், கொப்புளம் வந்தால் பயிற்சி போச்சு.