கொடை மேடையிலிருந்து ஒலிப்பதிவு அறைக்கு

அண்ணாச்சிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிளஸ் டூ படிக்கும் மகள், தாத்தாவின் வில்லிசைக் குழுவில் பின்பாட்டுப் பாடுகிறவள். கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்திருந்த ஒருவர் அவள் பாட்டைக் கேட்டுவிட்டு, இரண்டு அம்மன் பாடல்களைத் திருநெல்வேலியில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடித் தரச் சொல்லியிருக்கிறார். பிள்ளை ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை, உங்களுக்கும் தூக்கமில்லை. ‘அங்கே போய்த் திணறிவிடுவாளோ’ என்று கேட்டிருக்கிறீர்கள். யாராவது ஏமாற்றிவிடுவார்களோ, படிப்பு கெடுமோ, இது பிழைப்பாகுமோ என்ற மூன்றையும் கேட்காமல் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குத்தான் அதிகம் சொல்லப்போகிறேன். அதற்குத்தான் உங்கள் கையில் இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

தயாராகாமல் போனால் திணறுவாள். அது குரலின் குறையாக இருக்காது, பழக்கத்தின் கோளாறு. கொடை மேடையில் அவள் பாட்டு வில்லில் கட்டிய மணிகளின் ஓசையைத் தாண்ட வேண்டும், உடுக்கையைத் தாண்ட வேண்டும், குடத்தையும் தாண்டி, பந்தலுக்கு வெளியே சுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருப்பவர் காதில் போய் விழ வேண்டும். அப்படித்தான் அவள் தொண்டையைத் திறக்கக் கற்றிருக்கிறாள். ஒலிப்பதிவு அறையில் மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நிற்கும். குரலுக்குப் பெரும்பாலும் கண்டன்சர் மைக்தான் வைப்பார்கள். எச்சில் விழுங்குவதும் வளையல் உரசுவதும் தாளைப் புரட்டுவதும் அதற்குத் தெளிவாகக் கேட்கும். அதன் முன்னால் போய்க் கொடைக்குப் பாடுவதுபோல் பாடினால் ஒலி சிதறிவிடும். ‘மெதுவாகப் பாடும்மா’ என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளர் சொல்வார். பிள்ளை அதைத் திட்டு என்று எடுத்துக்கொள்வாள். அடுத்த முறை சத்தம் குறையும், கூடவே பாட்டின் உயிரும் போய்விடும். நான் பார்த்த பெரும்பாலான முதல் பதிவுகள் இந்த இடத்தில்தான் கவிழ்ந்தன.

ஆகவே வீட்டுப் பாடம் ஒன்றுதான்: தன் குரலைத் தனியாகக் கேட்டுப் பழக வேண்டும். வீட்டில் இரண்டு கைபேசிகள் இருக்கும். ஒன்றில் பாட்டின் இசையை ஓடவிட்டு இயர்போனில் கேட்கட்டும். மற்றொன்றை ஒரு சாண் தள்ளி வைத்து, அவள் பாடுவதை மட்டும் பதிவு செய்யுங்கள். மெத்தை, போர்வை, துணி அலமாரி உள்ள அறை நல்லது. வெறும் சுவர் எதிரொலிக்கும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். முதல் நாள் கேட்டவுடன் ‘இது என் குரலே இல்லை’ என்று அழுவாள். எல்லோரும் அப்படித்தான். பேசும்போது நம் குரல் மண்டையோட்டின் எலும்பு வழியாகவும் நமக்குக் கேட்பதால் கனமாகத் தெரிகிறது. பதிவில் அந்தக் கனம் இருக்காது. பத்து நாள் கேட்டால் பழகிவிடும். அந்த அழுகை வீட்டிலேயே நடந்து முடியட்டும், அறைக்கு மணிக்கணக்கில் வாடகை ஓடும் இடத்தில் வேண்டாம்.

கேட்கும்போது அவளே சில இடங்களைப் பிடிப்பாள். ‘பச்சை’, ‘பத்ரகாளி’ என்று பகரத்தில் தொடங்கும் சொற்களில் காற்று மைக்கில் போய் மோதி ‘தொம்’ என்று விழும். அங்கே மைக்குக்கு முன்னால் வலைபோல் ஒரு தடுப்பு வைப்பார்கள் என்றாலும், வாயைச் சற்றே பக்கவாட்டில் திருப்பிப் பாடப் பழகுவது நல்லது. உச்சத்துக்குப் போகும் வரியில் அரையடி பின்னால் சாயட்டும். அதிகம் வேண்டாம், கால் நகரக் கூடாது, உடம்பு மட்டும்.

அடுத்தது சுருதி. இதில் நானே ஒருமுறை சூடுபட்டிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவனை அழைத்துக்கொண்டு போனேன். அவன் வீட்டு ஆர்மோனியத்தைக் கையோடு தூக்கி வந்திருந்தான், தாத்தா காலத்துப் பெட்டி. கீபோர்டு இசையை முன்பே பதிவு செய்து வைத்திருந்தார்கள். ‘இரண்டு கட்டை’ என்று நாங்கள் சொன்ன சுருதி அளவும் சரி, அவர்கள் வாசித்ததும் சரி. ஆனால் பெட்டியைத் திறந்து வாசித்தால் இரண்டும் ஒட்டவே இல்லை. கீபோர்டுக்காரர்கள் ‘ஏ’ என்ற சுரத்துக்கு 440 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 440 அதிர்வு) என்பதை அடிப்படையாக வைத்துச் சுருதி சேர்ப்பார்கள். பெட்டிக்குள் ஒலி எழுப்பும் உலோக நாக்குகளான பழைய ரீடுகள் அதிலிருந்து நூலிழை கீழே இறங்கியிருந்தன. ரீடைத் திருகிச் சரிசெய்ய முடியுமா? பெட்டியை ஓரமாக வைத்துவிட்டுப் பாடு என்றார்கள். கையில் பெட்டி இல்லாமல் அவனுக்குப் பாடவே வரவில்லை. இரண்டு மணி நேர வாடகையைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினோம்.

அதனால் இன்றே கைபேசியில் சுருதிப்பெட்டிச் செயலி ஒன்றை இறக்கி, அதில் பாடிப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டைக் கணக்கைக் கீபோர்டுக்காரர்கள் மொழிக்கு மாற்றவும் தெரிந்திருக்கட்டும்: ஒரு கட்டை என்றால் சி, இரண்டு டி, நான்கு எஃப், ஐந்து ஜி, ஐந்தரை ஜி ஷார்ப், ஆறு ஏ. எந்தக் கட்டை அவளுக்கு ஏற்றது என்பதை மேடையில் எட்டிய உச்சத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். கொடையில் நள்ளிரவுக்கு மேல் அருள் ஏறிய வேகத்தில் யாரும் அரைக் கட்டை கூடுதலாகப் பாடிவிடுவார்கள். காலை பத்து மணிக்கு, உட்கார்ந்த இடத்தில், சரணத்தின் உச்ச வரியை ஐந்து முறை தொடர்ந்து பாடட்டும். ஐந்தாவது முறையும் சிரமமில்லாமல் வருகிற கட்டைதான் அவளுடையது. அதை இசையமைப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பதிவன்று சொன்னால், முழு இசையையும் மாற்ற வேண்டியிருக்கும்.

வேகமும் அப்படித்தான். வில்லுப்பாட்டில் கதை சூடு பிடித்தால் தாளமும் ஓடும், அதுதான் அதன் அழகு. இங்கே காதில் ‘டிக் டிக்’ என்று ஒரு தட்டு ஓடிக்கொண்டே இருக்கும். அது யாருக்காகவும் முந்தாது, பிந்தாது. நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்று கேட்டு வாங்கி, மெட்ரோனோம் செயலியில் அதே எண்ணை வைத்துத் தினமும் அரை மணி நேரம் பாடட்டும். முதல் மூன்று நாள் எரிச்சலாக இருக்கும்.

மற்றவை சின்ன விஷயங்கள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பதிவுக்கு முந்தைய மூன்று நாள்களில் எந்தக் கொடைக்கும் போக வேண்டாம். கண்விழித்த தொண்டை பொய் சொல்லாது. பட்டுப்பாவாடை, கொலுசு, கண்ணாடி வளையல் வேண்டாம், பழகிய பருத்தி உடை போதும். பாடல் வரிகளைப் பெரிய எழுத்தில் ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து, மூச்சு எடுக்கும் இடங்களில் கோடு போட்டுக் கொள்ளட்டும்; மூன்று படிகள் வேண்டும், ஒன்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு. வெதுவெதுப்பான தண்ணீர், வேண்டுமானால் கொஞ்சம் பனங்கற்கண்டு. ஜங்ஷனில் இறங்கியதும் அல்வா வாங்கிக் கொடுக்கக் கை துடிக்கும், எனக்குத் தெரியும். பாடி முடித்தபின் வாங்குங்கள். நெய்யும் சீனியும் தொண்டையில் ஒட்டிக்கொண்டு செருமல் வரும்.

இன்னொன்று, கோபப்படாதீர்கள்: நீங்கள் அந்த அறைக்குள் நிற்க வேண்டாம். வெளியே, அவள் கண்ணில் படுகிற இடத்தில் உட்காருங்கள். ஒரே வரியைப் பத்து முறை பாடச் சொல்வார்கள். தவறிய சொல்லை மட்டும் தனியே பாடவைத்து ஒட்டுவார்கள். அது தண்டனையல்ல, அந்த வேலை நடப்பதே அப்படித்தான். ஒவ்வொரு முறையும் உங்கள் முகம் சுருங்கினால் அவள் உங்களுக்காகப் பாட ஆரம்பித்துவிடுவாள்.

ஏமாற்று பற்றி. பாட அழைத்தவரே கூடத்தின் வாடகையைக் கொடுத்தால் ஒரு கணக்கு. உங்களிடம் பணம் கேட்டால் வேறு கணக்கு. ‘இவ்வளவு கொடுங்கள், சினிமாவில் வாய்ப்பு வாங்கித் தருகிறேன்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள், அடுத்த பேச்சு வேண்டாம். கையெழுத்துக்குத் தாள் நீட்டினால் வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள். மகளுக்கு 18 வயது முடியாவிட்டால் அவள் போடும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது, நீங்கள்தான் கையெழுத்திட வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் பாடுகிறவருக்கும் உரிமை தருகிறது. 2012இல் வந்த திருத்தம் அதைப் பலப்படுத்தியது. உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எவ்வளவு காலம் என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எந்த எல்லை என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்ளும். ‘எக்காலத்துக்கும், உலகம் முழுதும்’ என்ற சொற்கள் இருந்தால் அங்கே விரலை வைத்துக் கேள்வி கேளுங்கள். இந்தத் தாளை மட்டும் ஒரு வக்கீலிடம் காட்டுவது வீண் செலவாகாது. ஒரு பென் டிரைவும் கொண்டுபோய், அவள் குரல் மட்டும் உள்ள வேவ் (தரம் குறையாத ஒலிப்பதிவு) கோப்பைத் தர முடியுமா என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். அடுத்த இடத்தில் வாய்ப்புக் கேட்க அது உதவும்.

பிழைப்பு பற்றி ஒரு நாள் பதிவை வைத்து முடிவுசெய்ய முடியாது. வில்லிசை மைக்குக்குப் பொருந்தாத கலையல்ல. வானொலியில் ஒலித்த, 2021இல் பத்மஸ்ரீ பெற்ற, மறைந்த வில்லிசைக் கலைஞர் சுப்பு ஆறுமுகம் நம் சத்திரபுதுக்குளத்துக்காரர்தான். அகில இந்திய வானொலியில் குரல் தேர்வு வைத்து பி, பி ஹை, ஏ, டாப் என்று தரம் பிரிக்கும் முறை உண்டு. நம் திருநெல்வேலி நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். ஆனால் நான் உங்கள் மகளிடம் எதிர்பார்ப்பது வேறு. பாடி முடித்ததும் அரை மணி நேரம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார அனுமதி கேட்கட்டும். தன் குரலை ஒருவர் எப்படி வெட்டுகிறார், ஒட்டுகிறார், மூச்சுச் சத்தத்தை எப்படிக் குறைக்கிறார் என்று பார்க்கட்டும். பார்க்கும்போது கை பரபரத்தால் அது தனிப் படிப்பு. சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரில் உள்ள அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் ஒலிப்பதிவுக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. புனேயில் உள்ள மத்திய அரசின் திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனத்தில் ஒரு பட்டம் முடித்தபின் சேரலாம். இரண்டுக்கும் பிளஸ் டூவில் தேறியிருக்க வேண்டும். பதிவுத் தேதி மார்ச் தேர்வு நெருக்கத்துக்குத் தள்ளிப்போனால், ஏப்ரலுக்குத் தள்ளச் சொல்லுங்கள். காத்திருக்க மாட்டேன் என்கிறவர் இந்தப் பிள்ளைக்கு ஏற்றவரல்ல.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் முதல் கைபேசிப் பதிவை எனக்கு அனுப்புங்கள். இசை சேர்க்காமல், குரல் மட்டும். அனுப்புவதற்கு முன் நீங்களும் ஒருமுறை இயர்போனில் கேளுங்கள். பின்னால் மின்விசிறி ஓடுவது கேட்டால் மறுபடியும் பாடச் சொல்லுங்கள்.