பேஜை ஹேக் செய்து கார்டில் 38,400 ரூபாய் எடுத்துவிட்டார்கள்; நான் புகார் சொன்னது தாமதமா?

கேள்வி: ஏற்காட்டில் சின்னதாக ஒரு ஹோம்ஸ்டே நடத்துகிறேன். சமூக வலைதளத்தில் எங்கள் பேஜுக்கு மாதம் 2,000 ரூபாய் அளவுக்கு விளம்பரம் போடுவேன். அதற்காக என் கிரெடிட் கார்டை (லிமிட் 1.5 லட்சம்) அங்கே இணைத்திருந்தேன். 'உங்கள் பேஜ் 24 மணி நேரத்தில் நீக்கப்படும்' என்று ஒரு மெசேஜ் வந்தது. பதறிப்போய் அதிலிருந்த லிங்கில் பேஜின் பாஸ்வேர்டையும் லாகின் கோடையும் கொடுத்துவிட்டேன். வியாழன் இரவு நான்கு முறையாக 33,500 ரூபாய்க்கு யாரோ விளம்பரம் வாங்கியிருக்கிறார்கள். ஓ.டி.பி. எதுவும் வரவில்லை. விருந்தினர் கூட்டத்தில் எஸ்.எம்.எஸ்.களை ஞாயிறுதான் பார்த்தேன். திங்கள் சேலம் இறங்கி வங்கிக் கிளையில் சொன்னேன். "நாலு நாள் ஆயிடுச்சும்மா, மூணு நாளைக்குள்ள வந்திருக்கணும். எஃப்.ஐ.ஆர். கொண்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். செவ்வாய் அதிகாலை இன்னொரு 4,900 போனது. அன்று காலையில்தான் கஸ்டமர் கேருக்குப் பேசி, விஷயத்தைச் சொல்லி, கார்டை பிளாக் செய்தேன். பணம் திரும்பக் கிடைக்குமா? பில் வந்தால் கட்ட வேண்டுமா?

பதில்: நீங்கள் தாமதிக்கவில்லை. கிளையில் போட்ட கணக்குதான் தவறு.

2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதி சொல்வது மூன்று 'வேலை நாள்'. அதுவும் உங்கள் கிளையின் வேலை நாள். பணம் போன தகவல் வந்த நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆக, வியாழன் கழிந்தது. வெள்ளி ஒன்று. உங்கள் தேதிகளைக் காலண்டரில் பார்த்தேன். நடுவில் வந்தது இரண்டாம் சனி, வங்கி விடுமுறை. ஞாயிறும் கிடையாது. திங்கள் இரண்டு, செவ்வாய் மூன்று. கிளையில் வாயால் சொன்னதை வங்கி மறுத்தாலும், செவ்வாய் காலை பேசிய போன் அழைப்பு மூன்றாம் நாளுக்குள் வந்துவிடுகிறது. அந்த அழைப்பின் நேரத்தையும் பிளாக் ஆனதாக வந்த எஸ்.எம்.எஸ்.ஸையும் பத்திரப்படுத்துங்கள். (இனி இப்படி எதுவும் நடந்தால் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வர வேண்டியதில்லை. கார்டின் பின்பக்க எண்ணுக்குப் பேசினாலே அது புகார்தான், ஞாயிறு நள்ளிரவானாலும்.)

அடுத்த சிக்கல் இதைவிடக் கடினம். தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, நடுவில் வேறெங்கோ இருக்கிறது என்றால், மூன்று நாளுக்குள் சொன்னவருக்கு இழப்பு பூஜ்யம். நான்கிலிருந்து ஏழாம் நாளுக்குள் சொல்லியிருந்தால், உங்கள் கார்டு வகைக்குப் பரிவர்த்தனை ஒன்றுக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் உங்கள் தலையில் விழும். ஆனால் வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்று முடிவானால், புகார் சொல்லும் வரை போன பணம் முழுவதும் அவருடைய பொறுப்பு. வங்கி இந்தக் கடைசிக் கதவைத்தான் தட்டும்: "நீங்கதானே பாஸ்வேர்டு கொடுத்தீங்க?"

விதியில் கவனக்குறைவுக்கு உதாரணமாகச் சொல்லியிருப்பது பணம் செலுத்துவதற்கான ரகசிய விவரங்களைப் பகிர்ந்ததை. நீங்கள் கொடுத்தது பேஜின் பாஸ்வேர்டு. கார்டு எண்ணோ, பின் நம்பரோ, வங்கி ஓ.டி.பி.யோ அல்ல. வெளிநாட்டு வணிகர்கள் பலரிடம் ஓ.டி.பி. இல்லாமலே கார்டு ஓடும்; அந்த வழியை நீங்கள் திறந்துவிடவில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த வாதத்தை விடமாட்டேன். வங்கி உடனே ஒப்புக்கொள்ளும் என்று உறுதி தர மாட்டேன்; ஆனால் வாடிக்கையாளரின் பொறுப்பு என்று நிரூபிக்க வேண்டிய சுமை வங்கியுடையது. லிங்கை அழுத்தியதை மட்டும் மறைக்காதீர்கள். பின்னால் அது தெரிந்தால் மற்ற உண்மைகளும் மதிப்பிழந்துவிடும்.

4,900 ரூபாய் தனிக்கதை. புகார் சொன்ன பிறகு போன பணம் முழுக்க வங்கியின் பொறுப்பு, கவனக்குறைவு இருந்தாலும்கூட. திங்கள்கிழமை கிளையில் சொன்னதற்கு எழுத்தில் ஏதாவது இருந்தால் அந்தத் தொகையில் பேச்சே இல்லை. எதுவும் இல்லை என்றால், யாரைச் சந்தித்தீர்கள், எத்தனை மணிக்கு என்பதை இன்றே மெயிலில் எழுதி அனுப்புங்கள். அதே மெயிலில் ஐந்து பரிவர்த்தனைகளையும் தேதி, நேரம், தொகையோடு வரிசையாகக் கொடுத்து, புகார் எண் கேளுங்கள். எண் தருவது அவர்கள் கடமை. புகார் சொன்னதிலிருந்து 10 வேலை நாளுக்குள் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

எஃப்.ஐ.ஆர். இல்லாமல் புகாரை வாங்க மாட்டோம் என்பது சரியல்ல. சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் பேசுங்கள், அல்லது தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் பதிவு செய்து ரசீது எண்ணை இணையுங்கள். விளம்பரத்துக்குப் போன பணத்தை 1930 மூலம் நடுவழியில் நிறுத்துவது கஷ்டம்தான், ஆனால் அந்த ரசீது எண் நல்ல சாட்சி. நேரில் போவதானால், ஏற்காடு வருவது சேலம் மாவட்டப் போலீஸ் எல்லையில். சேலம் மாநகர சைபர் கிரைம் நிலையத்துக்குப் போய் அலையாதீர்கள்.

பில் வரும். மோசடி என்று நீங்கள் மறுத்த தொகைக்கு, விவகாரம் முடியும் வரை வட்டியோ அபராதமோ போடக் கூடாது. மற்ற செலவை மட்டும் கெடு தேதிக்குள் கட்டுங்கள், 38,400-ஐ மறுத்திருப்பதாக எழுத்தில் தெரிவித்துவிட்டு.

விளம்பரத் தளத்திலும் தனியாக ரீஃபண்ட் கேளுங்கள். அதற்கு முன் அந்த விளம்பரங்கள், பில்கள், எந்த ஊரிலிருந்து யார் லாகின் செய்தார்கள் என்ற பட்டியல், எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தளம் அவற்றை நீக்கிவிட்டால் கையில் ஒன்றும் இருக்காது. அங்கே பணம் திரும்பினால் வங்கிக்குச் சொல்லிவிடுங்கள். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம், செலவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்று. பேஜ் இன்னும் முழுசாக உங்கள் கைக்கு வந்துவிட்டதா? அட்மின் பட்டியலில் தெரியாத பெயர் ஒன்று உட்கார்ந்திருந்தால், உங்கள் பேஜின் பெயரிலேயே விருந்தினர்களிடம் அட்வான்ஸ் கேட்டு வேறொரு க்யூ.ஆர். கோடு போகும். முன்பதிவு செய்திருப்பவர்களுக்கு இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.